ஸ்பிரிங் வைத்த பிறகு

ஆம்பூர்ப் பக்கம் ஸ்டென்ட் என்று சொல்பவர்கள் குறைவு. "வேலூர்ல போய் ஸ்பிரிங் வெச்சுட்டு வந்துட்டாரு" என்பார்கள். அதற்கு முன்னால் வரும் வாக்கியம், "எண்பது பர்சென்ட் பிளாக்காம்." இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் ஒரு மருத்துவக் கொள்கையே அடங்கிக் கிடக்கிறது. ரத்தக்குழாய் ஒரு பைப். அதில் கொழுப்பு சேர்ந்து அடைத்துக்கொண்டது. உள்ளே போய்த் திறந்து, திரும்ப மூடாதபடி ஒரு கம்பிச் சுருளை நிறுத்திவிட்டார்கள். வேலை முடிந்தது. கழிவுநீர்க் குழாயில் மயிரும் சவ்வும் சுண்ணாம்பும் சேர்ந்து அடைப்பதைத் தினமும் பார்க்கிற தோல் தொழிலாளிக்கு இந்த விளக்கம் சட்டென்று பிடிபடும். கூட்டம் நெரியும் ஓ.பி.யில் டாக்டர்களும் சீட்டின் பின்பக்கத்தில் இதைத்தான் வரைந்து காட்டுகிறார்கள்.

பேர்ணாம்பட்டில் ஒரு டேனரியில் முப்பது வருடம் டிரம் ஓட்டிய என் பெரியப்பா, ஸ்டென்ட் வைத்த ஏழாம் மாதம் மாத்திரையை நிறுத்தினார். கேட்டதற்கு, "அடைப்பத்தான் எடுத்தாச்சே, அப்புறம் எதுக்குடா?" என்றார். பைப் கொள்கையின்படி பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. கொள்கைதான் பிசகு. மருந்து பூசிய ஸ்டென்ட்டைப் பற்றி எவ்வளவோ புகழ்ச்சியும் அதே அளவு பழிச்சொல்லும் கேட்டாயிற்று. அதை எடைபோட எனக்குப் பெரியப்பாவின் கேள்வியைவிட நல்ல தராசு கிடைக்கவில்லை. அந்தக் கம்பிச் சுருள் எதைத் திருத்தியது, எதைத் தொடவே இல்லை?

1977 செப்டம்பரில் சூரிச் நகரில் ஆந்திரியாஸ் குரூண்ட்ஸிக் என்ற மருத்துவர், சமையலறை மேசையில் தானே செய்து பழகிய பலூன் குழலை ஒருவரின் இதயத் தமனிக்குள் செலுத்தி விரித்தார். நெஞ்சைப் பிளக்காமல் அடைப்பை விரிக்க முடியும் என்று தெரிந்தது. விரித்த இடம் விரிந்தபடி நிற்கவில்லை என்பதும் சீக்கிரமே தெரிந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் அதே இடம் மறுபடி சுருங்கியது. சுருங்காமல் முட்டுக் கொடுக்கத்தான் 1986இல் பிரான்ஸிலும் சுவிட்சர்லாந்திலும் கம்பிச் சுருளைப் பொருத்தினார்கள். முட்டு நின்றது, ஆனால் நான்கைந்து பேரில் ஒருவருக்கு, முட்டின் இடுக்குகள் வழியாகச் சதை வளர்ந்து வந்து குழாயை மூடியது.

இங்கேதான் பைப் உவமை உடைகிறது. இரும்புக் குழாய்க்குள் எதை நுழைத்தாலும் இரும்பு சும்மா இருக்கும். தமனி சும்மா இருக்காது. பலூன் விரியும்போது அதன் உட்சுவர் கிழிகிறது. காயம் பட்ட எந்தத் தசையையும் போல அது தழும்பு கட்டி ஆறப் பார்க்கிறது. அந்தத் தழும்புதான் புதிய அடைப்பு. பழைய கொழுப்பு திரும்பி வந்ததால் வந்த அடைப்பல்ல, சிகிச்சையே கொண்டுவந்தது. தமனியைப் பைப்போடு ஒப்பிடுவதைவிடப் பச்சைத் தோலோடு ஒப்பிட்டிருந்தால் ஆம்பூர்க்காரர்களுக்கு இன்னும் சரியாகப் புரிந்திருக்கும்.

தழும்பை அடக்கும் மருந்து வந்த வழி ஒரு தனிக்கதை. 1964இல் கனடா நாட்டுக் குழு ஒன்று ஈஸ்டர் தீவிலிருந்து மண் மாதிரிகளை எடுத்துவந்தது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படித்து மான்ட்ரியலுக்குப் போன சுரேன் சேகல், அந்த மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து ராபமைசினைப் பிரித்தெடுத்தார். தீவின் உள்ளூர்ப் பெயரான ராப்பா நூயிதான் மருந்தின் பெயரிலும் இருக்கிறது. பூஞ்சைக் கொல்லியாகத் தொடங்கிய மருந்து, கம்பெனி ஆய்வை நிறுத்தியபோது சேகல் வீட்டு ஃப்ரீஸரில் சில ஆண்டுகள் கிடந்தது. பிறகு மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கப் பயன்பட்டது. செல் பெருக்கத்தை நிறுத்திவைப்பது அதன் குணம். 1999 டிசம்பரில் பிரேசிலின் சாவோ பாலோவில் எடுவார்டோ சோசா இந்த மருந்து பூசிய ஸ்டென்ட்டை முதன்முதலாக மனித இதயத்தில் வைத்தார். 2002இல் வெளிவந்த ரேவல் ஆய்வு, மருந்தில்லாத ஸ்டென்ட்டில் 26.6 விழுக்காடாக இருந்த மறு அடைப்பு, மருந்துள்ளதில் பூஜ்யம் என்றது. மருத்துவத்தில் பூஜ்யம் என்ற எண்ணைப் பார்த்தால் கொஞ்சம் பயப்படவேண்டும். அப்போது யாரும் பயப்படவில்லை.

கம்பியின் மேல் ஒரு பாலிமர் படலம். அதற்குள் மைக்ரோகிராம் கணக்கில் மருந்து. அது ஒரேயடியாகக் கரைந்து போவதில்லை, கசிகிறது. முதல் தலைமுறை ஸ்டென்ட்டான சைஃபரில் முக்கால் பங்குக்கு மேல் மருந்து வெளியேற ஒரு மாதம் ஆகும். ஆவாரம்பட்டைச் சாறு தோலுக்குள் மெள்ள மெள்ள இறங்க வாரக்கணக்கில் ஊறப்போட்ட பழைய பதனிடும் முறையை எங்கள் பக்கத்துக் கிழவர்கள் இன்னும் நினைவு வைத்திருக்கிறார்கள். அவசரப்பட்டால் மேல் பக்கம் மட்டும் பதமாகி நடு பச்சையாக நிற்கும். ஸ்டென்ட் மருந்தும் அதே பொறுமையைக் கேட்கிறது. ஒப்புமை அங்கேயே நிற்கவில்லை. பதனிடுவது என்றால் என்ன? அழுகலையும் மாற்றத்தையும் தோலில் நிறுத்திவைப்பது. அழுகாத தோல் ஆறவும் ஆறாது. தழும்புச் சதையை வளரவிடாமல் நிறுத்திய அதே மருந்து, கம்பியின் மேல் போர்வையாகப் படரவேண்டிய மெல்லிய உட்தோலையும் வளரவிடாமல் நிறுத்தியது. மாதங்கள் கழிந்தும் கம்பி மூடப்படாமல் ரத்தத்தில் நனைந்தபடியே இருந்தது. மூடாத உலோகத்தைக் கண்டால் ரத்தம் உறையும்.

2006இல் பார்சிலோனாவில் கூடிய இதய மருத்துவர் மாநாட்டில் இது வெடித்தது. ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் தாண்டியும் சிலருக்குத் திடீரென்று ரத்தம் உறைந்து மாரடைப்பு வருகிறது என்ற கணக்குகள் வெளிவந்தன. இரண்டு தீமைகளும் ஒரே தரத்தவை அல்ல. தழும்பால் வரும் மறு அடைப்பு மெதுவாக வரும். மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுக்கமாகத் தன்னைக் காட்டும். ஆஸ்பத்திரிக்குப் போக நாள் இருக்கும். ரத்தக்கட்டு முன்னறிவிப்பில்லாமல் வரும். வந்தவர்களில் கணிசமானோர் பிழைப்பதில்லை. அடிக்கடி வரும் சின்னத் தொல்லையைக் கொடுத்துவிட்டு, எப்போதோ வரும் பெரிய ஆபத்தை வாங்கிக்கொண்ட வியாபாரமாக இருந்தது அது. அந்த ஆபத்தைக் குறைக்கக் கட்டவேண்டிய தவணைதான் ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும். பெரியப்பா கேட்ட கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. மாத்திரை பழைய அடைப்புக்கு மட்டுமல்ல, புதிதாக வைத்த ஸ்பிரிங்குக்கும் சேர்த்துத்தான். அதை யாரும் அவருக்கு அந்த வார்த்தையில் சொல்லியிருக்கவில்லை.

இந்தக் குற்றச்சாட்டை இன்றைய ஸ்டென்ட்டின் தலையில் அப்படியே சுமத்துவது நியாயமாகாது. சைஃபரின் கம்பி 140 மைக்ரான் தடிமன். அடுத்த தலைமுறையான ஸையன்ஸில் 81. அப்படி மெலிய வைத்தும் வளையாமல் தாங்கியது கோபால்ட்டும் குரோமியமும் சேர்ந்த உலோகக் கலவை. (குரோமியம் என்றதும் எங்களுக்கு ராணிப்பேட்டையில் மலையாகக் குவிந்த கழிவும், கெட்டுப்போன கிணறுகளும், பாலாறும்தான் ஞாபகம் வரும். அதே தனிமம் மில்லிமீட்டர்க் கணக்கில் இதயத்துக்குள் முட்டுக் கொடுத்து நிற்பதை எண்ணினால் விசித்திரமாகத்தான் இருக்கிறது.) பாலிமரும் மாறியது, மருந்தும் மாறியது. 9,013 பேரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து 2016இல் முடிவு சொன்ன நார்வே நாட்டு ஆய்வில், ரத்தக்கட்டு விஷயத்திலும் புதிய மருந்து ஸ்டென்ட்டே வெறும் கம்பியைவிட ஒரு மாற்று மேலாக இருந்தது. ரத்தக்கசிவு ஆபத்துள்ளவர்களுக்கு இரட்டை மாத்திரையை ஓரிரு மாதத்தில் முடித்துக்கொள்ளலாம் என்ற அளவுக்கு இன்று நம்பிக்கை வளர்ந்திருக்கிறது. அதை முடிவு செய்யவேண்டியது டாக்டர். மாத்திரை அட்டை தீர்ந்துபோன தேதியல்ல.

அதே நார்வே ஆய்வைத் திருப்பிப் போட்டுப் படித்தால் இன்னொரு சேதி இருக்கிறது. ஆறு ஆண்டில் இறந்தவர்கள், மாரடைப்பு வந்தவர்கள் என்று சேர்த்துப் பார்த்தால் மருந்து ஸ்டென்ட் வைத்தவர்களில் 16.6 விழுக்காடு, வெறும் ஸ்டென்ட் வைத்தவர்களில் 17.1. வித்தியாசம் இல்லை என்றே சொல்லவேண்டும். வித்தியாசம் தெரிந்தது மறு சிகிச்சையில் மட்டும்: 16.5க்கு 19.8. கால் நூற்றாண்டு உழைப்பு, தீவு மண், பாலிமர், மெலிந்த கம்பி இவ்வளவும் சேர்ந்து நூற்றில் மூன்று பேரை இரண்டாம் முறை, ஸ்டென்ட் வைக்கும் கேத் லேப் மேசையில் படுக்கவிடாமல் காத்தன. சிறிய காரியமல்ல, கூலியை இழந்து வேலூருக்கு மறுபடி பஸ் ஏறவேண்டிய மூன்று பேர் அவர்கள். ஆனால் ஆயுளை நீட்டிய கணக்கும் இல்லை. மருந்து ஸ்டென்ட் தன் அண்ணன் செய்த தப்பைத் திருத்திய தம்பி. தமனி நோயை அது திருத்தவில்லை. திருத்துவதாக அதைக் கண்டுபிடித்தவர்கள் சொல்லவும் இல்லை, நாமாக நினைத்துக்கொண்டோம்.

அப்படி நினைத்துக்கொண்டதன் விளைவுதான் 'எண்பது பர்சென்ட்' என்ற பீதி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்து விழுகிற மாரடைப்பு வேறு. அங்கே ஒரு கொழுப்புத் திட்டு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து, தமனி நிமிடங்களில் மூடிக்கொள்கிறது. அதைத் திறந்து ஸ்டென்ட் வைப்பது உயிர் காப்பது. இதில் சர்ச்சையே இல்லை. நடந்தால் இறுக்கம், நின்றால் சரி என்று மாதக்கணக்கில் மாறாமல் இருக்கும் நோய் இன்னொன்று. இதில் ஸ்டென்ட் வைத்தால் ஆயுள் கூடுமா என்று 2007இல் 2,287 பேரிடம் கரேஜ் ஆய்வும், பிறகு இந்திய நோயாளிகளும் சேர்ந்த 5,179 பேரிடம் இஸ்கீமியா ஆய்வும் பார்த்தன. நல்ல மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களைவிட ஸ்டென்ட் வைத்தவர்கள் கூடுதலாகப் பிழைத்திருக்கவில்லை. 2017இல் லண்டன் மருத்துவர்கள் இன்னும் துணிந்தார்கள். 200 பேரை மயக்கத்தில் படுக்கவைத்து, பாதிப்பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மீதிப்பேருக்கு வைத்தது போல் பாவனை மட்டும். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஆறு வாரம் கழித்து ஓடவிட்டுப் பார்த்தால், இரு சாராரும் ஓடிய நேரத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. ஸ்டென்ட் எதிர்ப்பாளர்கள் இதைக் கொண்டாடியது வரைக்கும்தான் செய்தித்தாள்களுக்கு வந்தது. அதே குழு 2023இல், நெஞ்சுவலி மாத்திரைகளை நிறுத்திவிட்டு 301 பேரிடம் மறுபடி சோதித்தபோது, ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு நெஞ்சுவலி உண்மையாகவே குறைந்தது. ஆக, வலிக்கு ஸ்டென்ட் நல்ல மருந்து. ஆயுளுக்கு அது மருந்தல்ல. அடைப்பின் சதவீதத்தைச் சொல்லிக் குடும்பத்தைக் கலங்கடித்து அன்றைக்கே கையெழுத்து வாங்குவது எந்த ஊரில் நடந்தாலும் இந்த வேறுபாட்டை மறைக்கிற செயல். இதயத்தின் இடது முதன்மைத் தமனியில் அடைப்பு, பம்ப் செய்யும் திறன் குறைந்த இதயம் போன்ற விதிவிலக்குகள் உண்டு. அவை விதிவிலக்குகள் என்பதையாவது சொல்லவேண்டும்.

விலைக்கு வருவோம். இந்தியாவில் ஸ்டென்ட்டைப் பற்றி நடந்த ஒரே பெரிய பொது விவாதம் விலையைப் பற்றித்தான். ராமேஸ்வரத்து அப்துல் கலாம், ஹைதராபாத் மருத்துவர் சோமராஜுவோடு சேர்ந்து தொண்ணூறுகளில் மலிவான ஸ்டென்ட் ஒன்றை உருவாக்கினார். ராணுவ ஆராய்ச்சியில் பிறந்த உலோகத்தை இதயத்துக்குத் திருப்பிய முயற்சி என்று அப்போது பேசப்பட்டது. மருந்து ஸ்டென்ட் வந்ததும் சந்தை அதைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகள் விலை கேட்பாரில்லாமல் ஏறியது. டெல்லி வழக்கறிஞர் பீரேந்தர் சங்வான் நீதிமன்றத்துக்குப் போனார். 2016இல் ஸ்டென்ட் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. 2017 பிப்ரவரி 13 அன்று மருந்து விலை ஆணையம் உச்சவரம்பு விதித்தது. வெறும் ஸ்டென்ட் 7,260 ரூபாய். மருந்து ஸ்டென்ட் 29,600. அதற்கு முன் இதன் சராசரி விலை 1,21,400. ஷூ கம்பெனித் தொழிலாளி ஒருவரின் ஏறக்குறைய ஒரு வருடச் சம்பளம் அது. அந்த விலையில் பெரும்பங்கு, கம்பெனியிலிருந்து கிளம்பி நோயாளியின் பில்லுக்கு வருவதற்குள் இடையிலிருந்தவர்கள் ஏற்றியது என்று ஆணையத்தின் கணக்கே காட்டியது.

உயர்ந்த தரம் இந்தியாவை விட்டுப் போய்விடும் என்று அன்றைக்கு எழுந்த கூக்குரலைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. கரைந்து மறையும் ஸ்டென்ட் என்று ஒன்று அப்போது மிக உயர்ந்த விலைக்கு விற்றது. மூன்று ஆண்டில் உடம்போடு கரைந்துவிடும், உள்ளே ஒரு பொருளும் தங்காது என்பது அதன் கவர்ச்சி. அதற்கும் 29,600தான் என்று ஆணையம் சொன்னதும் அநியாயம் என்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் உலகம் முழுவதும் அதன் விற்பனை நின்றது. காரணம் விலையல்ல, 150 மைக்ரான் தடிமனுள்ள அந்தக் கரையும் முட்டில் ரத்தம் உறைவது அதிகம் என்று ஆய்வுகள் காட்டியதுதான். மறுபக்கம், சூரத்தில் தயாரான சுப்ராஃபிளெக்ஸ் ஸ்டென்ட்டை ஐரோப்பாவில் 1,435 பேரிடம் ஸையன்ஸோடு ஒப்பிட்ட டேலண்ட் ஆய்வு, அது தாழ்ந்ததல்ல என்று 2019இல் லான்செட் இதழில் சொன்னது. விலை உச்சவரம்பு சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உச்சவரம்பு ஏறி 38,000 ரூபாயைத் தாண்டிய பிறகும் அது பழைய விலையில் மூன்றில் ஒரு பங்குதான்.

அந்த உத்தரவு பொருளுக்கு விலை வைத்தது. கேத் லேப் கட்டணத்துக்கும் அறை வாடகைக்கும் வைக்கவில்லை. பலூனின் விலை வேறு, குழலின் விலை வேறு. அதைவிட முக்கியம், இந்த ஆளுக்கு இது வேண்டுமா என்ற முடிவுக்கு எந்த உத்தரவும் விலை வைக்க முடியாது. தேவையில்லாத இடத்தில் வைத்த ஸ்டென்ட் இருபத்தொன்பதாயிரம் ஆனாலும் தண்டச்செலவுதான்.

வேலூரில் காந்தி ரோட்டைச் சுற்றிய சந்துகளில் நடந்தால் லாட்ஜ்களின் பெயர்ப்பலகைகளில் வங்காள எழுத்து தெரியும். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி., 1961இலேயே திறந்த இதய அறுவை செய்த இடம். கொல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்குகிறார்கள். ஆம்பூரிலிருந்து வேலூருக்கு ஐம்பது கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம். ஆனால் மாரடைப்பு வந்தவர் அந்த ஒரு மணி நேரத்தில் வந்து சேர்வதில்லை. 20,468 நோயாளிகளைப் பதிவு செய்து 2008இல் வெளியான கிரியேட் ஆய்வில், நாட்டளவில் வலி தொடங்கியதிலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு வர எடுத்த நடுத்தர நேரம் 360 நிமிடம். ஆறு மணி நேரத்தில் அந்தத் தமனி ஊட்டிய இதயத் தசையின் பெரும்பகுதி செத்திருக்கும். அதற்குப் பிறகு வைக்கிற ஸ்டென்ட் எந்த நாட்டில் செய்ததாக இருந்தால் என்ன?

அந்த நேரம் எங்கே போகிறது? "கேஸ்" என்ற சொல்லில் முதல் இரண்டு மணி நேரம் போகும். நெஞ்சு எரிந்தால் ஓமத்தண்ணி, சோடா, மெடிக்கலில் ஒரு ஜெலுசில். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்ட பிறகு வந்த வலி வேறெதுவாக இருக்க முடியும் என்பது ஆம்பூரில் யாரும் மறுக்காத தர்க்கம். ஷிஃப்ட் நடுவில் வந்தால், சூப்பர்வைசரிடம் சொல்லி வெளியே வர வெட்கப்படும் நேரம் தனி. பிறகு தெரிந்த டாக்டர், அங்கிருந்து அரசு மருத்துவமனை, அங்கே இ.சி.ஜி., அங்கிருந்து வேலூர்.

தமிழ்நாடு இதற்குக் கண்ட விடை ஸ்டென்ட் விவாதங்களில் அதிகம் அடிபடுவதில்லை. எனக்கு அதுதான் இந்தக் கதையிலேயே பெருமைப்படத்தக்க பகுதி. கோவையின் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் அஜித் முல்லசாரி முதலிய மருத்துவர்கள் 2012இல் தொடங்கிய ஆய்வு அது. கேத் லேப் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளைச் சுற்றிச் சிறிய ஆஸ்பத்திரிகளை இணைத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யும் அதில் பங்கெடுத்தது. சிறிய ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்து அனுப்பி, ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டு, 108இல் ஏற்றி, மறுநாளுக்குள் ஆஞ்சியோ. ஸ்டென்ட் இங்கே முதல் வேலையல்ல, இரண்டாவது. 2,420 நோயாளிகளின் கணக்கில், ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். முன்பு சொன்ன நார்வேக் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கம்பியின் மேல் பூசிய மருந்து காட்டாத உயிர் வித்தியாசத்தை, சின்ன ஆஸ்பத்திரியில் போட்ட ஊசியும் ஒழுங்கான ஆம்புலன்ஸும் காட்டிவிட்டன. 2023இல் அரசு கொண்டுவந்த 'இதயம் காப்போம்' திட்டமும் இதே வழிதான்: நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அடோர்வாஸ்டாட்டின் 8 என்று 14 மாத்திரைகளைக் கொடுத்து மேலே அனுப்புவது. பார்க்க எளிய வேலை. கேத் லேப் திறப்பு விழாப் போல இதற்கு ரிப்பன் வெட்ட முடியாது.

ஸ்டென்ட்டா பைபாஸா என்ற கேள்வியில் இந்தத் தோல் தொழில் வட்டாரத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் என்றது 2023இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு. வேலூர் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் சி.எம்.சி. 1991–94இலும் 2010–12இலும் எடுத்த கணக்குகளை ஒப்பிட்டால், சர்க்கரை நகரத்து நோய் என்ற பழைய பேச்சு செல்லாது; கிராமத்திலும் அது வேகமாகப் பெருகியிருந்தது. சர்க்கரை உள்ளவரின் தமனியில் அடைப்பு பெரும்பாலும் ஒரே இடத்தோடு நிற்பதில்லை. நீளமாக, பல இடங்களில், மெலிந்த கிளைகள் வரை இருக்கும். அப்படிப்பட்ட 1,900 பேரை ஃபிரீடம் ஆய்வு மருந்து ஸ்டென்ட்டுக்கும் பைபாஸுக்கும் பிரித்து விட்டது. ஐந்து ஆண்டில் ஸ்டென்ட் பக்கம் 16.3 விழுக்காட்டினர் இறந்தார்கள். பைபாஸ் பக்கம் 10.9. பைபாஸில் பக்கவாதம் அதிகம், 2.4க்கு 5.2. மொத்தத்தில் பல தமனி அடைப்புள்ள சர்க்கரை நோயாளிக்குப் பைபாஸ்தான் மேல் என்பது அன்றிலிருந்து நிற்கும் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பை எங்கள் ஊர்த் தொழிலாளியிடம் கொண்டுபோய்ச் சொல்லிப் பாருங்கள். பைபாஸ் என்றால் நெஞ்செலும்பை அறுத்துக் கம்பியால் கட்டுவார்கள். எலும்பு சேர இரண்டு மூன்று மாதம் கனம் தூக்கக்கூடாது. டேனரியில் கனம் தூக்காத வேலை எது? குரோம் டிரம்மிலிருந்து வெளியே வரும் நீல நிற ஈரத் தோல் ஒவ்வொன்றும் தண்ணீரைக் குடித்துக் கனத்துக் கிடக்கும். அதை இழுத்து அடுக்கித்தான் ஆகவேண்டும். காண்ட்ராக்டில் இருப்பவர் மூன்று மாதம் கழித்து வந்தால் அந்த இடத்தில் வேறொருவர் நிற்பார். ஸ்டென்ட் என்றால் மணிக்கட்டில் ஒரு துளை. மூன்றாம் நாள் வீடு. அடுத்த வாரம் கேட்டில் கைநாட்டு. "எனக்கு ஸ்பிரிங்கே போதும் சார்" என்று அவர் சொல்லும்போது படிப்பறிவின்மை என்று டாக்டர் நினைக்கலாம். அவர் போட்டது வேறு கணக்கு: ஐந்து ஆண்டு கழித்து வரக்கூடிய சாவையும் அடுத்த மாத வட்டியையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தார். மருத்துவ ஆய்வுகள் கூலி இழப்பை ஒரு விளைவாக எண்ணுவதில்லை. எண்ணியிருந்தால் சில முடிவுகள் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும், சில தீர்வுகளும்தான். ஸ்டென்ட்டின் பெரும் பலம் இந்த வேகமே. அதன் குறையும் இந்த வேகத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது: பைபாஸ் செய்துகொண்டவர் தன்னை நோயாளி என்று நம்புகிறார், தழும்பு தினமும் கண்ணாடியில் தெரிகிறது. ஸ்டென்ட் வைத்தவர் சரியாகிவிட்டதாக நம்பி, கம்பெனி வாசலில் பீடி பற்றவைக்கிறார். குடியாத்தத்திலும் வேலூரிலும் வீட்டுக்கு வீடு சுற்றிய பீடி, தூரத்தில் எங்கும் போய்த் தேடவேண்டிய பொருளல்ல.

செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு இங்கே மற்ற பல இடங்களைவிட நல்ல பதிலே இருக்கிறது. 2009இல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி 2012இலிருந்து முதலமைச்சரின் விரிவான காப்பீடாக நடக்கும் திட்டத்தில் ஆஞ்சியோபிளாஸ்டி உண்டு. கம்பெனிப் பட்டியலில் பெயர் உள்ள, மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. ஸ்டென்ட்டுக்காக நிலம் விற்ற கதைகள் என் சிறுவயதைவிட இப்போது குறைவு. ஆனால் இந்த ஏற்பாடுகளின் எடை படுக்கைப் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒரு நாள் நடக்கும் பெரிய காரியத்துக்கு முன் அனுமதி கிடைத்துவிடும். ஒரு வருடம் நடக்கவேண்டிய சின்னக் காரியத்துக்கு மாதாமாதம் ஓடவேண்டும். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் மாத்திரை இலவசம். வேலை நாளில் போய் வரிசையில் நின்றால் அரை நாள் கூலி போச்சு. வீட்டில் உட்கார்ந்து ஜோடிக் கணக்கில் ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் பெண்களுக்குப் பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் பெயரில்லை. வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021இலிருந்து ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவருகிறது. அந்தப் பையிலேயே ஸ்டென்ட் வைத்தவருடைய மாத்திரையும் தவறாமல் ஏறிவிட்டால், இந்த மாவட்டங்களில் புதிதாக இரண்டு கேத் லேப் கட்டுவதைவிடக் கூடுதல் பலன் இருக்கும் என்று நினைக்கிறேன். நினைப்புத்தான், கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டியவர்கள் பார்க்கட்டும்.

பெரியப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாத்திரையை நிறுத்திய மூன்றாவது வாரம் அண்ணன் பார்த்துச் சத்தம் போட்டு மறுபடி ஆரம்பிக்க வைத்தான். போன தடவை போயிருந்தபோது பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்த பழைய பில்லை எடுத்துக் காட்டினார். 2017 உத்தரவின்படி ஸ்டென்ட்டை மட்டும் தனி வரியில் போட்டிருந்தார்கள்: கம்பெனி பெயர், பேட்ச் நம்பர், விலை. டிஸ்சார்ஜ் சீட்டில் அதன் அகலம் மூன்று மில்லிமீட்டர், நீளம் இருபத்தெட்டு என்றும் இருந்தது. அதற்குக் கீழே மாத்திரைகள் ஆங்கிலத்தில். எதிரே, எத்தனை நாளைக்கு என்று எழுதவேண்டிய கட்டத்தில் ஒரு கோடு. அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு சாயங்காலம் இருவரும் கடைத்தெருவுக்குப் போனோம். மெடிக்கல் பையன் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, "முழுசா வேணுமா தாத்தா?" என்றான். அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "பத்து நாளைக்குக் கட் பண்ணிக் குடு" என்றார்.